சுருட்டுக் கொட்டிலின் யன்னல்

விடிய ஐந்தரைக்கே முரசுமோட்டைச் சுருட்டுக் கொட்டிலில் வேலை தொடங்கிவிடும். முதல்நாள் தண்ணீர் தெளித்துச் சாக்கால் மூடிவைத்த புகையிலையைக் கௌசலா விரித்தாள். நடுநரம்பைக் கிழித்தாள். பலகையில் வைத்து உருட்டினாள். உள்ளங்கை கறுத்துப் பிசுபிசுத்தது. வயிற்றில் ஐந்து மாதம். பலகை முன்னைப்போல மடிக்குக் கிட்ட வர மறுத்தது.

கொட்டிலுக்கு இரண்டு யன்னல். காற்றுப் பட்டால் இலை காய்ந்து வெடித்துவிடுமென்று முதலாளி ஜனார்த்தனன் இரண்டையும் பலகை வைத்து அறைந்திருந்தார். வேலைக்குப் பெண்கள் மூன்று பேர், ஆண்கள் ஐந்து பேர். ஆண்களுக்கு நாளுக்கு மூன்று சுருட்டு சும்மா கிடைக்கும். அதை உள்ளே இருந்தே பத்துவார்கள். எட்டு மணிக்கெல்லாம் கூரைக்குக் கீழே புகை இன்னொரு கூரையாகத் தொங்கும்.

போன கிழமை கிளினிக்கில் மருத்துவமாது அவளுடைய அட்டையைப் பார்த்தார்.

"வீட்டில புகைக்கிறவர் இல்லை எண்டு போட்டிருக்கு. பிறகேன் உங்கட தலைமயிர் இப்பிடி மணக்குது?"

"அவர் தொடவே மாட்டார் மிஸ். நான் சுருட்டுக் கொட்டில்ல வேலை."

"மூத்த பிள்ளையைச் சுமக்கேக்கையும் அங்கயோ?"

"ஓம்."

மருத்துவமாது பேனையை வைத்துவிட்டார். மற்றவர் பத்துகிற புகையும் தாயின் இரத்தத்தோடு பிள்ளைக்குப் போகும். நிறை குறையலாம், பிறந்தபின் நெஞ்சு இழுக்கலாம். இலையைத் தொடுவதுகூட நல்லதில்லை, வேறு வேலை பார்க்க ஏலாதோ என்றார்.

வேறு வேலை எங்கே இருக்கிறது? மூத்தவள் நிதுசா இரண்டு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்தவள். மாரி முழுக்க மூச்சுக்காகக் கரையில் போட்ட மீனாக வாயைத் திறப்பவள்.

"அப்ப, அவளுக்கும் அதாலதானோ மிஸ்?"

"அதாலதான் எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது. இல்லை எண்டும் சொல்ல ஏலாது."

இரண்டு தடவையும் வீட்டில் புகைக்கிறவர் உண்டோ என்று கேட்டிருந்தார்கள். அவளும் பொய் சொல்லவில்லை. கொட்டிலைப் பற்றித்தான் ஒருவரும் கேட்கவில்லை.

இன்று ஜனார்த்தனன் உள்ளே வந்ததும் கௌசலா எழும்பினாள்.

"முதலாளி, யன்னலைத் திறந்துவிடுங்கோ. பத்துறவை வெளியில போய்ப் பத்தட்டும். வயித்துப் பிள்ளைக்குக் கூடாதாம்."

அவர் சிரித்தார். "புகையில்லாத சுருட்டுக் கொட்டிலோ? நாளைக்குக் கள்ளில்லாத தவறணை கேப்பாய் போல. நானோ பத்துறன்? உந்தா இருக்கினம், உவையைக் கேள்."

ஆண்கள் குனிந்துகொண்டார்கள். எல்லாரிலும் மூத்த சின்னராசாவின் கடைவாயில் சுருட்டுக் கனன்றது.

பக்கத்தில் உருட்டிக்கொண்டிருந்த இரஞ்சிதம் தன் பலகையைத் தள்ளினாள். "நானும் ரெண்டு பிள்ளையை இதுக்குள்ள இருந்துதான் சுமந்தனான். சின்னவன் மூச்சுக்கு அடிக்கிற பம்ப் இல்லாமல் பள்ளிக்கூடம் போறேல்லை. அண்ணையவை, உங்கட வாய் புகை விட மட்டுந்தானோ?"

சின்னராசா சுருட்டை எடுத்துத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கினார். சுர்ரென்றது. மிச்சம் இரண்டையும் முதலாளியின் மேசையில் வைத்தார். "இனி வெளியில பத்துறம். நீங்கள் யன்னலைத் திறவுங்கோ." மற்ற நால்வரும் ஒவ்வொருவராய் எழும்பி வந்து தங்கள் சுருட்டுகளை வைத்தார்கள்.

"இலை வெடிச்சால்?"

"ஈரச்சாக்கை மாத்தி மாத்திப் போடுறம்," என்றாள் கௌசலா. "எங்களுக்குத்தான் கூடின வேலை. செய்யிறம்."

ஜனார்த்தனன் சுருட்டுகளை நிலத்தில் தட்டிவிட்டார். "நாளைக்கு ஒருத்தரும் வரவேண்டாம். வேற ஆக்கள் இருக்கினம்."

அடுத்தநாள் ஐந்தரைக்குப் படலை பூட்டிக்கிடந்தது. எட்டுப் பேரும் வந்து அதன் முன்னால் நிலத்தில் இருந்தார்கள். நிதுசாவின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்த கௌசலாவுக்கு அந்த இழுவைச் சத்தம் இன்னும் ஓயவில்லை. சின்னராசாவின் வாயில் சுருட்டைக் கண்டு திடுக்கிட்டாள்.

"பத்தவைக்கேல்லைப் பிள்ளை. வாய் சும்மா இருக்குதில்லை."

"சூப்பி வாங்கித் தரட்டோ அண்ணை?" என்றாள் இரஞ்சிதம்.

சிரிப்பு அடங்குமுன் சந்தியில் மோட்டார்சைக்கிள் சத்தம். ஜனார்த்தனனுக்குப் பின்னால் உழவு இயந்திரப் பெட்டியில் ஆறேழு புது ஆட்கள், மூன்று பேர் பெண்கள். இவர்களைக் கண்டதும் அவர்கள் இறங்கத் தயங்கினார்கள்.

ஒருவரும் எழும்பவில்லை. கௌசலா வயிற்றைப் பிடித்தபடி மெல்ல அரக்கி, தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

"வாங்கோ அக்கா," என்று கூப்பிட்டாள். "முதல் இதில இருந்து கேளுங்கோ."