இரண்டு பொட்டலமும் சிவப்பு

1

இந்தக் கதை எனக்குக் கள்ளக்குறிச்சியில், ஒரு பல் மருத்துவரின் வாசல் பெஞ்சில் கிடைத்தது. பக்கத்தில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த நைனார்பாளையம் பொன்னுரங்கம் சொன்னார். முடிவைச் சொல்லப்போகும் நேரத்தில் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது வாய் நிறையப் பஞ்சு. என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டார். அந்தக் கையாட்டலுக்கு இன்னும் அர்த்தம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'கல்வராயன் மலையை மேகம் போர்த்தியிருந்த அந்த...' (அடித்துவிட்டேன். மலை என்று எழுதியதும் மேகத்தைக் கூப்பிடுகிற கை இது.)

இரண்டாவது: 'மனிதகுலத்தின் மரபணு வரலாற்றில்...' (இதைப் படித்தால் நானே எழுந்து போய்விடுவேன்.)

மூன்றாவது, நேராகவே: 1987. இடஒதுக்கீடு கேட்டுக் கீழே சாலை மறியல். வழிநெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மலைமேல் ஒரு சின்ன ஊரில் ஆராய்ச்சி ஜீப் ஒன்று மாட்டிக்கொண்டது. அதில் வந்தவர் ஆராய்ச்சி உதவியாளர் பொன்னுரங்கம். இளைஞர். அப்போது பல்லெல்லாம் இருந்தது.

3

அதற்கு முந்தின வருடம் அந்த ஊரில் எல்லோரிடமும் ரத்தம் எடுத்துப் போனவரும் அவர்தான். பரம்பரையாக வரும் ஒரு ரத்த நோயைப் பற்றிய ஆராய்ச்சி. (நோயின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எழுதினால் மருத்துவம் படித்த வாசகர் ஒருவர் திருத்திக் கடிதம் போடுவார். அதில் கதையைப் பற்றி ஒரு வரி இருக்காது.) அந்த நோயின் கூறு ஒருவரிடம் மட்டும் இருந்தால் தொல்லை இல்லை. கணவன், மனைவி இருவரிடமும் இருந்தால் பிறக்கிற பிள்ளைக்கு நோய் வரலாம்.

இருசப்பன் மகள் சின்னப்பொண்ணுவிடம் அது இருந்தது. அவளுடைய மாமன் மகன் சடையனிடமும் இருந்தது. அந்த வாரம்தான் இருவருக்கும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

ரத்தம் கொடுத்தவர்களிடம் முடிவைச் சொல்லக் கூடாது என்பது பட்டணத்துப் பேராசிரியரின் கட்டளை. ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை, சொன்னால் பயப்படுவார்கள், பயந்தால் அடுத்த முறை கையை நீட்டமாட்டார்கள். கடைசிக் காரணம்தான் முதல் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பேராசிரியரை மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்றால் கீழே இறங்க வழியில்லை.

பொன்னுரங்கத்துக்குச் சாப்பாடும் படுக்கையும் இருசப்பன் வீட்டில்தான். சாமைச் சோற்றைப் போட்டுவிட்டு இருசப்பன் கேட்டார்.

"போன வருசம் எங்க ரத்தத்த எடுத்துக்கினு போனீங்களே சார், அதுல இன்னா தெரிஞ்சுது?"

பொன்னுரங்கம் சாமைச் சோற்றை மென்றார். வெகுநேரம் மென்றார்.

4

(கீழே, எங்களைக் கணக்கில் சேர் என்று மரம் வெட்டினார்கள். மேலே, கணக்கில் சேர்ந்தவர்களுக்குக் கணக்கைச் சொல்ல ஆளில்லை. இதைக் கதைக்குள் வைக்க இடம் கிடைக்கவில்லை. அடைப்புக்குறிக்குள் கிடக்கட்டும்.)

5

மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்த மனிதருக்குக் காளியம்மன் வழிகாட்டினாள். கல்யாணத்துக்குப் பூப்போட்டுக் கேட்கப் போகிறோம் என்றார் இருசப்பன். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். நைனார்பாளையத்தில் வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். பேராசிரியரின் கட்டளை அம்மனுக்குப் பொருந்தாது அல்லவா? பூசாரி கற்பூரம் எடுக்கத் திரும்பிய நேரத்தில் பொன்னுரங்கம் வெள்ளைப் பூவை உருவிவிட்டு, இரண்டிலும் செவ்வரளியை வைத்து மடித்தார்.

(இங்கே பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். படித்தவன் இப்படிச் செய்வானா? படித்தவன்தான் செய்வான். மற்றவர்களுக்கு அம்மனிடம் பயம் உண்டு.)

பிரித்தார்கள். சிவப்பு. உடனே பம்பை முழங்கியது.

அந்த மலையில், அந்த அம்மனுக்குச் சிவப்புதான் சம்மதம்.

யாரோ ஆசைக்கு மற்றப் பொட்டலத்தையும் பிரித்தார்கள். அதிலும் சிவப்பு. அம்மன் இரட்டைச் சம்மதம் கொடுத்த கல்யாணம் இதுதான் என்று பூசாரி அருள் வந்து ஆடினார். வெள்ளிக்கிழமை தாலி என்று அங்கேயே முடிவானது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

6

முடிவு அ: மறியல் ஓய்கிறது. பொன்னுரங்கம் வாயைத் திறக்காமல் ஜீப் ஏறுகிறார். (எழுதச் சுலபம். எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

முடிவு ஆ: ஊரைக் கூட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். (சடையனுக்கு வேறு பெண் கிடைத்துவிடும். கெட்ட ரத்தம் என்று பேர் வாங்கிய சின்னப்பொண்ணுவை யார் கட்டுவார்கள்? பிடிக்கவில்லை.)

முடிவு இ: பேராசிரியரே மரங்களைத் தாண்டி நடந்து மேலே...

7

முடிவு இ-யை எழுதிக்கொண்டிருக்கும்போதே சின்னப்பொண்ணு வந்துவிட்டாள். இவ்வளவு நேரம் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும்தான். ஜீப் பக்கத்தில் நின்றாள்.

"பொட்டலத்துல நீங்க கை வெச்சத நான் பாத்துக்கினுதான் இருந்தேன் சார். உங்க ஊர்ல செவப்புன்னா வேணாமா?"

பொன்னுரங்கம் தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்ப உங்களுக்கு இன்னாவோ தெரியும். சாமிய வுட்டுச் சொல்லப் பாத்தீங்கல்ல, அத எங்கிட்டயே சொல்லுங்க. கட்டிக்கிறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன்."

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். 'உன் ரத்தத்துல...'

இந்த இடத்தில்தான் பல் மருத்துவர் கூப்பிட்டார்.

ஆகவே வாசகரே, பேராசிரியருக்குத் தெரியும். பொன்னுரங்கத்துக்குத் தெரியும். எனக்குத் தெரியும். மூன்றாம் பகுதியில் உங்களிடமும் உளறிவிட்டேன், அவளை ஒரு வார்த்தை கேட்காமல். அவள் ரத்தத்தில் இருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியாது. அவர் வாயில் பஞ்சு. நான் பேனாவை மூடிவிட்டேன்.

அவள் இப்போது உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வெள்ளிக்கிழமை கல்யாணம்.