இருபத்தொன்று

மகளுக்கு மறுநாள் இருபத்தொரு வயது நிறைகிறது. அதற்குப் பிறகு அப்பாவின் வேலை விசாவின் கீழ் அவள் இந்த வெளிநாட்டில் இருக்க முடியாது. மாணவர் விசாவுக்கு மாற்றக் கேட்டு எட்டு மாதமாகியும் பதில் இல்லை. வெல்டிங் பட்டறையிலிருந்து அப்பா வக்கீலுக்குப் போன் போட்டார்.

“காத்திருக்கிறதைத் தவிர வேற வழியில்ல சார். அதுவரைக்கும் பொண்ணு காலேஜுக்குப் போகக் கூடாது.”

மூன்று வயதில் அவர் தோளில் தூங்கியபடி இந்த நாட்டுக்கு வந்தவள் அவள். வீட்டுக்கு வந்தவர் மென்று விழுங்கிச் சொல்லி முடித்தார்.

“கடைசி பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரந்தான்ப்பா இருக்கு,” என்றாள் மகள். “யார்கிட்டயாவது பேசிப் பாருங்களேன்.”

“பேசுறேம்மா,” என்றார். யாரிடம் என்று அவருக்கே தெரியவில்லை.

“நாளைக்கு கேக் வேணாம்ப்பா” என்று சொல்லிவிட்டு, அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.