வெறும் ஓகே

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மண்டை காய்ந்துபோயிருந்தது. வெளிநாட்டில் இரண்டு வருட வேலை கிடைத்திருந்தது. வருகிறேன், வரவில்லை என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். போகட்டுமா என்று மனைவியிடம் கேட்டான். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே "ஓகே" என்றாள். சண்டை போட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பான். அழுதிருந்தால் பேச்சை அன்றே விட்டிருப்பான். இந்த ஓகேயை வைத்துக்கொண்டு மனுஷன் என்னதான் செய்வான்?

மனைவியின் அண்ணன் மொழிபெயர்ப்பாளர். வார்த்தை என்று வந்துவிட்டால் அவருக்குப் பசி தெரியாது. ஓகேக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் அவரிடம் போய்க் கேட்டான். கேட்டது எதற்கென்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மச்சானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சம்மதம் என்றும் அர்த்தமாம், பரவாயில்லை என்றும் அர்த்தமாம், சுமார்தான் என்றும் அர்த்தமாம், ஆளை விடு என்றும் அர்த்தமாம். அது பிறந்த கதை இன்னும் மோசம். ஏறக்குறைய இருநூறு வருடத்துக்கு முன் அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள், எல்லாம் சரி என்று அர்த்தம் வரும் 'ஆல் கரெக்ட்'டை வேண்டுமென்றே ஓ, கே என்று தொடங்கும்படி தப்புத்தப்பாக எழுதி, முதல் எழுத்துகளை மட்டும் கிண்டலுக்குப் போட்டார்களாம்.

"அப்போ எல்லாம் சரிங்கிற வார்த்தையே சரியில்லாமத்தான் பொறந்துச்சா மச்சான்?"

"அதான் மாப்பிள்ளை அதுல அழகு."

அழகாம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, போனதைவிட அதிகக் குழப்பத்தோடு திரும்பினான்.

மறுநாள் லிஃப்ட் குழிக்குள், தலைக்கு மேல் பெட்டி தொங்க, நின்றுகொண்டிருந்தான். ரெண்டடி மேலே ஏற்றச் சொல்லிக் கத்தினான். மேலே மோட்டார் அறையிலிருந்த கூட்டாளி ஏதோ ஞாபகத்தில் வெறுமனே ஓகே என்றான். இவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் ஓகே சொல்ல வேண்டும். அதுவரை சுவிட்சில் கை படக் கூடாது. அவர்கள் தொழிலில் அது சட்டம். "திருப்பிச் சொல்லுடா" என்று கத்தியவனுக்கு, தட்டைக் கழுவிக்கொண்டே அவள் சொன்ன ஓகே ஞாபகம் வந்தது.

சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு நான் கேட்டதைத் திருப்பிச் சொல்லிட்டு ஓகே சொல்லு."

இவருக்கு மரை கழன்றுவிட்டதா என்பதுபோல் பார்த்தாள். அப்புறம் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க ரெண்டு வருஷம் இருக்க மாட்டீங்க. வேலை முடிஞ்சு வந்து நானே கதவைத் திறப்பேன். உள்ள யாரும் இருக்க மாட்டாங்க."

அவன் காத்திருந்தான். ஓகே வரவில்லை. மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"போகலை" என்றான்.

"திருப்பிச் சொல்லுங்க."

"நான் போகலை. நீ வரும்போது உள்ள இருப்பேன்."

"ஓகே" என்றாள்.