எல்லாரும் சுகம் என்று எழுதிய இன்ஸ்பெக்டர்

சுகாதார இன்ஸ்பெக்டர் கோணாமலை 1952ஆம் ஆண்டு வைகாசியில் ஒரு படிவத்தின் ஒன்பதாம் கட்டத்தைத் தவறாக நிரப்பியதால், சாய்ந்தமருதுக் கடற்கரைத் தெரு டிஸ்பென்சரியின் வாசலை மிதிப்பவர்களுக்கு அந்த இடத்திலேயே நோய் தீரத் தொடங்கியது. திருகோணமலையிலிருந்து மாற்றலாகி வந்த அவருக்கு அதுதான் முதல் பரிசோதனை. ஊசி அவிக்கும் தகரத்தைத் திறந்து பார்த்தார், நஞ்சு அலுமாரியின் பூட்டை இழுத்துப் பார்த்தார், பிறகு வாங்கில் காத்திருந்த நோயாளிகளிடம் வரிசையாகச் சுகம் விசாரித்தார். காய்ச்சலில் பல் கிட்டிக்கொண்டிருந்த ஆயிஷா உம்மா, "அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம் மனே" என்றாள். அந்த ஊரில் அது பதிலின் முதற்பாதி. வருத்தம் இரண்டாம் பாதியில்தான் வரும். கோணாமலையோ முதற்பாதியோடு பக்கத்தைப் புரட்டி, ஒன்பதாம் கட்டத்தில் 'எல்லாரும் சுகம்' என்று எழுதி, தன் கையெழுத்தின் அழகைத் தானே ஒருமுறை ரசித்து, முத்திரையும் குத்திவிட்டார். ஆயிஷா உம்மா எழுந்து வீட்டுக்குப் போய் மீன் ஆய்ந்தாள்.

மறு வருசம் சம்மாந்துறையிலிருந்து மாட்டுவண்டிகள் வந்தன. வந்தவர்கள் இறங்கி, ஒற்றைக் காலை வாசலுக்குள் வைத்து எடுத்துவிட்டு, நெல் விலையைக் கதைத்தபடி திரும்பிப் போனார்கள். உள்ளே, டொக்டர் அச்சிமுகம்மது காதுக்குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தனியே இருந்தார். மனைவி மவுத்தாகி, பிள்ளைகளும் இல்லாத மனிதர். ஊர் முழுக்க நாடி பார்த்துத்தான் ஊரோடு உறவாக இருந்தவர். போத்தல்களில் மிக்சர் மருந்து இரண்டு நிறமாகப் பிரிந்து அடங்கியது. கோணாமலை திருத்தம் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். சுகமானவர்களை நோயாளியாக்க விதியில்லை என்று பதில் வந்தது. பிறகு, தானாவது ஒரு நோயாளியாகப் போவோம் என்று மார்கழி மழையில் கல்முனையிலிருந்து சைக்கிளில் நனைந்து வந்து, அருமையான ஒரு தடிமனைச் சம்பாதித்தார். வாசலில் கால் வைத்ததும் ஒழுகிய மூக்கு சுத்தமாகிவிட்டது. கூடவே, பத்து வருச மூலமும் போய்விட்டது. வெட்கத்தில் அதை மட்டும் அவர் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

டொக்டர் ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை. வருசா வருசம் கோணாமலை குற்றவாளி போல வந்து, "எப்படிச் சுகம் டொக்டர்?" என்பார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று பதில் வரும். ஒரு தரமாவது வாய்நிறைய ஏசிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றிருந்தது கோணாமலைக்கு.

1958இல் அதே கேள்வி, அதே பதில். அன்று அவர் பக்கத்தைப் புரட்டவில்லை. பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, நோயாளிக் கதிரையில் உட்கார்ந்து காத்திருந்தார்.

"சுகமில்ல ஐயா," என்றார் டொக்டர் கடைசியில். "ஆறு வருசமா ஒரு மனிசன்ட கையப் புடிக்கல்ல. எல்லாம் உங்கட பேனையாலதான்."

கோணாமலை கையை நீட்டினார். டொக்டர் மணிக்கூட்டைப் பார்க்காமலே நாடி பிடித்தார்.

"என்ன டொக்டர், ஏதாவது இருக்கா?"

"உங்களுக்கு ஒண்டுமில்ல. ஆனா கையக் கொஞ்ச நேரம் எடுக்காதீங்க."