பதினெட்டாவது ராவுத்தர்

மலேசியாவின் ஈப்போவில் மீரா சாஹிபின் நாசி கண்டார் சோற்றுக்கடை வாசலில், ஆறு வருஷமாக வியாழக்கிழமைதோறும், மாலை அஸர் தொழுகை முடிந்த கையோடு சேணம் பூட்டிய செவலைக் குதிரை ஒன்று ஆளில்லாமல் வந்து நின்றது. வெயில் கொளுத்தினாலும் அது சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வடக்கே போய்விடும். முதல் மாதம் கூட்டம் கூடியது. இரண்டாம் மாதத்திலிருந்து, மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்பதுதான் ஜனங்களின் கவலை.

குதிரை வரத் தொடங்கியது மீரா சாஹிபின் தங்கை ஷம்சாத் குடும்ப வரலாற்று ஆராய்ச்சியில் இறங்கிய அதே வாரம். ஈப்போ இருக்கும் பேராக் சீமையில் உள்நாட்டுச் சண்டை நடந்த காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து பதினெட்டு ராவுத்தர்கள் குதிரைச் சிப்பாய்களாக வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ரிசல்தார் மஸ்தான் ராவுத்தர், மீரா சாஹிபின் பாட்டனுக்குப் பாட்டன். பாகான் செராய்ச் சதுப்பில் எதிரிகள் வளைத்தபோது பதினேழு பேர் தப்பி வந்தார்கள். தலைவர் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவன் எதிரியோடு சேர்ந்துவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். சோம்பேறிகளின் முடிவு அது, ஆனால் நூற்றைம்பது வருஷம் நின்றது. பதினேழு பேரின் வாரிசுகள் வருஷா வருஷம் செமோரில், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்துச் சூராவில், அந்தச் சிறு தொழுகைக்கூடத்தில், கூடிப் பதினேழு பெயரையும் சொல்லி இறந்தவர்களுக்கான பாத்திஹா ஓதுவார்கள். பிறகு பாய் விரித்து, நாலு பேருக்கு ஒரு சஹன் என்று பெரிய தட்டில் சோறு வைத்துச் சேர்ந்து சாப்பிடுவார்கள். சமையல் மட்டும் மீரா சாஹிப் வீட்டார் பொறுப்பு. அவர்கள் சட்டிப் பக்கம் நின்றார்களே தவிர, ஒருவரும் அந்தப் பாயில் உட்கார்ந்ததில்லை. மீரா சாஹிபுக்கு எழுபத்திரண்டு வயது. சாவதற்குள் ஒரு தடவை அதில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

ஷம்சாத் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காகிதத்தில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்பது அவள் கட்சி. பழைய காகிதங்களைத் தேடித் தைப்பிங்குக்கு நாற்பது தடவை பஸ் ஏறினாள். பதினேழு குதிரைகளின் நிறத்தையும், யாருக்கு எந்தத் தோளில் குண்டு பாய்ந்தது என்பதையும் கண்டுபிடித்துவிட்டாள். ரிசல்தாரைப் பற்றி மட்டும் எல்லாக் காகிதத்திலும் ‘காணவில்லை’ என்ற ஒரே சொல்தான். செவலை அவள் தோளுக்கு மேலாக நோட்டை எட்டிப் பார்க்கும். ஈரம் சொட்டுகிறது என்று அவள் அதைத் தள்ளிவிடுவாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது போதும் என்று கடைசியில் மீரா சாஹிபின் மகள் அமீராவுக்குத்தான் தோன்றியது.

“மாமி, பேப்பர மூடுங்கலா. அது எங்க போவுதுனு பின்னாடியே போய்ப் பாத்துட்டு வரலாம்.”

காரில் குதிரை நடைக்குப் போக இரண்டு நாள் பிடித்தது. தைப்பிங்கில் மழை கொட்டியது. குதிரை நனைவது இங்கேதான் என்று ஷம்சாத் குறித்துக்கொண்டாள். பாகான் செராய் தாண்டி ஒரு வயலில், வாய்க்கால் திரும்பும் இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் உருவிய வாளோடு ஒருவர் நின்றிருந்தார். அந்த வயல்காரர்கள் அவரைச் சுற்றி அறுவடை இயந்திரம் ஓட்டிப் பழகியிருந்தார்கள்.

“பயலுக பதினேழு பேரும் கர சேந்தாங்களா?” என்று ரிசல்தார் கேட்டார். “சேந்த பெறகு தகவல் அனுப்பச் சொன்னேன். அதுவரைக்கும் வழிய வுடக் கூடாதுல்ல.”

அந்தப் பதினேழு பேரும் தகவல் அனுப்ப மறந்திருந்தார்கள். ஷம்சாத் நோட்டை மூடினாள். “எல்லாரும் சேந்துட்டாங்க அத்தா. பேரன் பேத்தி எடுத்து நல்லாத்தான் இருந்தாங்க.”

அவர் விட்ட பெருமூச்சில் ஒரு காணி நெல் சாய்ந்து நிமிர்ந்தது. வாளை உறையில் போட்டுவிட்டுக் கரையேறினார். கால் மரத்துப் போயிருந்ததால் அமீரா கை கொடுத்தாள்.

அந்த வருஷம் செமோரில் பாத்திஹா ஓதும் லெப்பை பதினெட்டாவது பெயரையும் பட்டியலில் எழுதினார். எழுதிவிட்டு, பாயில் உட்கார்ந்திருந்த ரிசல்தாரைப் பார்த்ததும் அந்தப் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டார்.

“உசுரோட இருக்குறவர் பேர்ல பாத்திஹா ஓத முடியாதுலா, மீரா சாஹிப் அண்ணே.”

மீரா சாஹிப் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது, இரண்டையும் அவர் அடக்கவில்லை. பதினேழு பெயர்கள் மட்டுமே ஓதப்பட்டன. ரிசல்தார் ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினார். பிறகு மீரா சாஹிப், ஷம்சாத், அமீரா, ரிசல்தார் நாலு பேரும் ஒரே சஹனில் கை வைத்தார்கள். வெகுநாள் பட்டினி என்பதால் அவருக்கு மட்டும் இரண்டு தடவை தால்ச்சா ஊற்ற வேண்டியிருந்தது.