கிழக்குப் பக்க முடிச்சு

செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு முதல் மரம் விழுந்தது.

யோகேஸ்வரி கொழுந்து வெட்டும் கத்தரியை நிறுத்தினாள். நிரையில் நின்ற மற்றவர்களும் நிமிர்ந்தார்கள். தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் பறவைகள் கலைந்து எழுந்தன. இயந்திரம் உறுமியது.

"ஆரம்பிச்சிட்டானுங்க லா," என்றாள் பக்கத்து நிரையில் நின்ற செல்லம்மா. "உன் பூவெல்லாம் பத்திரமாப் போய்ச் சேந்துருச்சுல்ல?"

"சேந்துருச்சு."

"பூவுக்கு எடம் பாத்துட்ட. நமக்கு யாரு பாக்கப் போறா?"

தொழிலாளர் லயத்தின் பதினான்கு வீடுகளுக்கும் அந்தக் காட்டு ஓடையிலிருந்துதான் தண்ணீர்க் குழாய் வந்தது. யோகேஸ்வரி செடிப்பக்கம் குனிந்தாள். கத்தரியை மறுபடி எடுத்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நிறுவனம் அந்த மலையில் தங்கும் விடுதி கட்ட அனுமதி கேட்டது. அன்று அதைத் தடுத்தவள் சாரதா. அவளும் யோகேஸ்வரியும் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. சாரதா படித்து, தானா ராத்தா டவுனில் வேலைக்குப் போய், இயற்கைப் பாதுகாப்புக் குழு ஒன்றை நடத்தினாள். யோகேஸ்வரிக்குப் படிப்பு ஏறவில்லை, கண் இருந்தது. பாசிக்குள் கடுகளவு மொட்டு ஒளிந்திருந்தாலும் அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் காட்டினாள், சாரதா எழுதினாள். அபூர்வ ஆர்க்கிட் செடிகளின் பட்டியல் அதிகாரிகளுக்குப் போனது. அனுமதி நின்றது. அன்று லயத்தில் பாயசம் வைத்தார்கள்.

மூன்று மாதத்துக்கு முன்பு சாரதா யோகேஸ்வரியின் வீட்டுக்கு வந்தாள். உட்காரும் முன்பே தண்ணீர் கேட்டாள். இரண்டு டம்ளர் குடித்தாள்.

"டவுன் தண்ணி வாயில வைக்க முடியல, யோகேஸ்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தோத்துட்டோம்டி," என்றாள். "பெர்மிட் வந்துருச்சு. காட்டக் காப்பாத்த முடியல. பூவையாவது காப்பாத்துவோம்."

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். பட்டியலில் இருந்த அத்தனையையும் யோகேஸ்வரி மறுபடி தேடிக் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு செடியையும் மரத்திலிருந்து பிரிக்கும் முன், சூரியன் உதிக்கும் பக்கம் எதுவோ அந்தப் பக்கத்தில் சிவப்பு ராப்பியா பிளாஸ்டிக் கயிற்றால் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"புது எடத்துலயும் இந்த முடிச்சு கிழக்கத்தான் பாக்கணும். மாத்திக் கட்டுனா பூக்காம வீம்பு பண்ணும்."

"உன் மாமியார் மாதிரி," என்றாள் சாரதா.

"எங்க மாமியாராவது வாய்விட்டுத் திட்டிரும்."

குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். காய்கறிக் கூடைகளில் ஈரப்பாசி பரப்பி, இருநூற்றுப் பதினான்கு செடிகளை லோரியில் திரிங்காப்புக்கு அனுப்பினார்கள். அங்கே சாரதா ஒரு நாற்றுப் பண்ணை பிடித்திருந்தாள்.

ஒரே ஒரு செடியை மட்டும் யோகேஸ்வரி எடுக்கவில்லை. ஓடையில் குழாய் தொடங்கும் இடத்தில், பாறை இடுக்கில் இருந்தது. கறுத்த இலையில் பொன் கோடுகள். இழுத்தால் வேர் அறுந்துவிடும். அதை மட்டும் யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

பத்து மணி ஓய்வில், ஒரு பால் டின்னில் பாசியை அடைத்துக்கொண்டு மலை ஏறினாள். வேர் போனாலும் போகட்டும்.

மேலே சாம்பசிவம் நின்றான். முன்பு இதே எஸ்டேட்டில் லோரி ஓட்டியவன். இப்போது மரம் வெட்டும் குத்தகைக்காரரின் மேற்பார்வையாளன்.

"வாங்கக்கா! பூ பொறுக்க இன்னும் பாக்கி இருக்கா?"

"ஓட பக்கத்துல ஒன்னு. அஞ்சு நிமிஷம் மெஷின நிறுத்தச் சொல்லு தம்பி."

"உங்களுக்கு இல்லாததா?" அவன் கையைக் காட்டினான். இயந்திரம் அடங்கியது. "நியாயமாப் பாத்தா உங்களுக்கு மாலை போடணும் நாங்க. ரெண்டு வருஷமா நாய் படாத பாடு. போன மாசம் அதிகாரிங்க மறுபடி வந்து பாத்தாங்க. ரெண்டு நாள் சுத்துனாங்க. ஒரு பூகூட இல்ல. அப்புறம்தான் எழுதிக் குடுத்தாங்க."

"என்ன எழுதிக் குடுத்தாங்க?"

"பாதுகாக்க வேண்டிய செடி ஒன்னும் இங்க இல்லன்னு. போன வெள்ளிக்கிழம பெர்மிட் வந்துருச்சு."

யோகேஸ்வரி டின்னை இறுகப் பிடித்தாள்.

"பெர்மிட் முன்னயே வந்துருச்சுன்னுதான எடுத்தோம்?"

"யாரு சொன்னா?" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "அக்கா... சாரதா மேடம் உங்ககிட்ட சொல்லலையா? விடுதியில ஆர்க்கிட் தோட்டம் வருது. மேடம்தான் மேனேஜர்."

அவள் ஓடைக்குப் போனாள். பாறை அங்கே இல்லை. குழாயின் வாய் மண்ணுக்குள் கிடந்தது. மேலிருந்து சிவந்த நீர் வந்துகொண்டிருந்தது.

மத்தியானம் அவள் வேலைக்குத் திரும்பவில்லை. முட்டைக்கோஸ் ஏற்றப் போகும் லோரியில் திரிங்காப்புக்குப் போனாள். டின் இன்னும் கையில் இருந்தது.

பண்ணையில் சாரதா ரப்பர் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். இருநூற்றுப் பதினான்கும் கம்பிகளில் வரிசையாகத் தொங்கின. சிவப்பு முடிச்சுகள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. சில சுவரைப் பார்த்தன.

"யோகேஸ்! வாடி. ஃபோன் பண்ணிருந்தா நானே வந்து ஏத்தியிருப்பேன்ல?"

"சாம்பசிவத்தப் பாத்தேன்."

சாரதா குழாயை மூடினாள். துண்டை எடுத்துக் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வெட்டத்தான் போறாங்க. எத்தன வருஷம் தடுப்ப நீ? இதாவது மிஞ்சுச்சுன்னு நெனச்சிக்க."

"ம்."

"உனக்கும் ஒரு வேல சொல்லி வச்சிருக்கேன். வெயில்ல நிக்க வேணாம். இந்தப் பூவெல்லாம் உன் கையிலதான் இருக்கும்."

யோகேஸ்வரி பக்கத்தில் தொங்கிய செடியை மெல்லத் திருப்பினாள். முடிச்சு கிழக்கே வந்தது. கையை எடுத்ததும் கம்பி முறுக்கிக்கொண்டு பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பியது.

பால் டின்னை மேசையில் வைத்தாள். உள்ளே பாசி மட்டும் இருந்தது.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து, உக்காராமக்கூட தண்ணி கேட்டியே சாரதா. அந்த ஓடையும் போயிரும்னு அப்பவே தெரியுமா உனக்கு?"