ஹார்ன் ஃபியூஸில் சுற்றிய வெள்ளித்தாள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் யாருடையது என்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன். எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?

முதல் தொடக்கம்: "அடிஸ் அபாபாவில் பொழுது புலர்ந்தபோது அந்த நீல நிற பீட்டில் கார்..." வேண்டாம். பொழுது புலராமல் கதையே ஆரம்பிக்காதா?

இரண்டாவது: "என் மாமனார் தெகேஃபுவுக்கு மகளைவிட 1967ஆம் வருடத்துக் காரின்மேல்தான் பாசம்." (மகள், அதாவது என் மனைவி வுபித், இதைப் படித்துவிட்டு, "உண்மைதானே, விடு" என்றாள்.) இது இருக்கட்டும்.

2

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் கல்யாணத்துக்காக அந்தக் காரின் வயரிங்கை மாற்றினார்கள். பழைய ஃபியூஸ் எட்டில் பாதி, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிக்கொண்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தன. வயர்களின் உறை தொட்டால் உதிர்ந்தது. எலெக்ட்ரீஷியன் ஸெரிஹுன் பதினோரு நாள் காருக்கடியிலேயே குடியிருந்தார். எல்லாம் புது வயர், பன்னிரண்டு ஃபியூஸ் கொண்ட புதுப் பெட்டி, ஹார்னுக்குத் தனி ஃபியூஸ்.

"ஃபியூஸ் போச்சுன்னா என்னைத் திட்டாதீங்க," என்றார் எங்கள் எல்லோரிடமும். "அது போனாத்தான் வண்டி பொழைக்கும். புதுசு ஒண்ணு மாட்டுங்க. வெள்ளித்தாள் கிள்ளித்தாள்னு எதையாச்சும் சுத்துனீங்க, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

[குறிப்பு: எங்கள் ஊரில் கல்யாண ஊர்வலம் கிளம்பினால் போய்ச் சேரும்வரை ஹார்ன் ஓயக்கூடாது. மணமக்களின் கார் வாயை மூடிக்கொண்டு வந்தால் பார்க்கிறவர்கள் வேறு விதமாக நினைப்பார்கள்.]

3

இங்கே பெக்காலு வருகிறான். மாப்பிள்ளையின், அதாவது என், நண்பன், குண்டு, எதற்கெடுத்தாலும் சிரிப்பான். அன்று காலை, சத்தம் போதாதென்று அந்த வயரிலேயே ஒரு லாரி ஹார்னையும் சேர்த்து மாட்டியவன் அவன். பாதி வழியில், பியாசா கடைத்தெரு இறக்கத்தில், ஃபியூஸ் போனது. பின்னால் இருபது கார்கள் கூவ, எங்கள் கார் மட்டும் ஊமை. பெக்காலு இறங்கி, குனிந்து, சிகரெட் பெட்டியைக் கிழித்து...

ஹார்ன் மறுபடி அலறியது. பத்தே நிமிடத்தில் புகை. வெள்ளைக் கவுனோடு வுபித்தைத் தூக்கி வெளியே இறக்கினோம். மாமா நடுரோட்டில் நின்று, ஊர்வலத்தில் கூட வந்த ஸெரிஹுனைக் கூப்பிட்டு, "இதான் உன் வேலையா? என் பொண்ணை எரிக்கப் பாத்தியே!" என்றார். நானூறு பேர் கேட்டார்கள். அதற்குப்பின் எங்கள் பகுதியிலிருந்து யாரும் அவருடைய பட்டறைக்குப் போவதில்லை.

(பெக்காலுவின் சிரிப்பை இன்னும் கொஞ்சம் விவரிக்கலாமா? அவனை எனக்கு ஏனோ கண்முன் கொண்டுவர முடியவில்லை.)

4

வுபித் இதைப் படித்தாள்.

"யாருடா இந்தப் பெக்காலு?"

"ஒரு பாத்திரம்."

"நம்ம கல்யாணத்துக்கு நான் வந்திருந்தேன், ஞாபகம் இருக்கா? கோட்டோட குனிஞ்சவன் குண்டா இல்லை. எம் பக்கத்துலேருந்து இறங்கிப் போனான்."

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். தங்கச்சி கல்யாணத்துக்கு வேற ஆளை வச்சு ஸெரிஹுன் போட்ட வயரையெல்லாம் பிடுங்கப்போறார் அப்பா. இன்னுமா கதை எழுதுறே?"

பெக்காலுவைக் கோடு போட்டு அடித்துவிடுகிறேன். மேலே அவன் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் "நான்" என்று படித்துக்கொள்ளுங்கள். வெட்கமாக இருக்கிறது.

5

முடிவு (அ): நான் ஸெரிஹுனிடம் போய்ச் சொல்கிறேன், அவர் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். பொய்.

நடந்தது இது. இன்று காலை போனேன். காலியான பட்டறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"தெரியும் தம்பி. மறுநாள் பெட்டியைத் திறந்தேன், தாள் கருகிக் கெடந்துச்சு. லாரி ஹார்ன் மாட்டினது யாருன்னும் விசாரிச்சேன்."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"புது மாப்பிள்ளையை மாமனார் முன்னால தலைகுனிய வைக்கவா? ஒரு வாரம் போகட்டும், நீயே சொல்லுவேன்னு இருந்தேன்." கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்குச் சொல்லி என்ன பண்ண? எனக்கு இது புதுச் செய்தியா?"

எழுந்து வந்துவிட்டேன்.

6

இதை மாமனார் வீட்டு முற்றத்தில் நின்று கைபேசியில் தட்டுகிறேன். காரின் மூடி திறந்திருக்கிறது. புது ஆள் கட்டிங் பிளேயரை வயர்மேல் வைத்திருக்கிறான். மாமா என்னைப் பார்த்துவிட்டார்.

"வா மாப்ள! அந்தப் பய பண்ணின அலங்கோலத்தைப் பிடுங்கப்போறோம். என்ன, ஒரு மாதிரி நிக்கிறே?"

முடிவு (ஆ), (இ) இரண்டும் தயாராக இருந்தன. இரண்டிலும் நான் அழகாகப் பேசுவேன். இதற்கு மேல் எழுதினால் மறுபடி ஒளிந்துகொள்வேன் என்று தோன்றுகிறது. கைபேசியைப் பையில் போடுகிறேன். நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். மாமாவிடம் நான் சொல்லி முடிக்கும்வரை அந்தக் கட்டிங் பிளேயரை மட்டும் ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள்.